கான்ட்ராக்ட் மேனேஜருக்கு ஒரு மனு

அறிவிப்புப் பலகையில் அந்தத் தாளை ஒட்டியது காலை ஷிப்ட் தொடங்கக் கால் மணி நேரம் இருக்கும்போது. ஷிப்ட் மணி அடிப்பதற்குள் சேதி தொழிற்சாலை முழுக்கப் பரவிவிட்டது. பரப்பியவர் தொட்டி ஆபரேட்டர் பாவாடை. அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும். ஆனால் படித்ததை நாலு பேருக்குச் சொல்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

"இடைக்கால மேலாளர்னு போட்டிருக்காங்க, செல்லக்கிளி. இடைக்காலம்னா இன்னா?"

"கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறதுண்ணே. கீழ பாருங்க, ஆறு மாசம்னு போட்டிருக்கு."

"அட, கான்ட்ராக்ட்டுன்னு சொல்லு!"

மேனேஜரே கான்ட்ராக்ட்! இப்படி ஒரு கூத்தை யாராவது கேள்விப்பட்டதுண்டா? நெய்வேலிப் பக்கத்தில் பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூட உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்தான் என்று தெரியும். ஒன்று பர்மனன்ட், இன்னொன்று கான்ட்ராக்ட். பர்மனன்ட் என்றால் குவார்ட்டர்ஸ் உண்டு, வாசலில் மாமரம் உண்டு, பெண் கேட்டுப் போனால் உட்கார நாற்காலி உண்டு. கான்ட்ராக்ட் என்றால் கேட் பாஸ் உண்டு. அதுவும் மாசாமாசம் புதுப்பிக்க வேண்டும்.

செல்லக்கிளிக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் புருஷன் நெடுமாறன் இருபத்திரண்டு வருஷமாகச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட். அவள் இந்தத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷமாகக் கான்ட்ராக்ட். மூட்டை தைக்க வந்தவள், இன்றைக்கு ஷிப்ட் பார்ப்பவள். பெயர்தான் ஷிப்ட் பார்ப்பவள். சம்பளச் சீட்டில் இன்னும் 'உதவியாளர்'.

தொழிற்சாலை என்றால் ரொம்பப் பெரிசாக நினைத்துக்கொள்ள வேண்டாம். முத்தாண்டிக்குப்பம் போகிற சாலையில், முந்திரித் தோப்பைத் தாண்டி நாலு கொட்டகை, இரண்டு பெரிய தொட்டி, ஒரு பாய்லர். பழுப்பு நிலக்கரியை மாவாக அரைத்து, பொட்டாஷ் காரம் சேர்த்துத் தொட்டியில் வேகவைத்து, வடிகட்டி உலர்த்தினால், கருப்பட்டிச் சில்லு போலப் பளபளவென்று ஒரு சரக்கு வரும். அதைத் தண்ணீரில் கரைத்துப் பயிருக்கு விடுவார்கள். முதலாளி இளம்பரிதி பண்ருட்டியில் முந்திரி வியாபாரி. ரசாயனம் அவருக்கு அவ்வளவாகத் தெரியாது. பழைய மேனேஜர் அசோக்குமார், ஓமனில் வேலை கிடைத்ததும் ஒரு வாரத்தில் மூட்டை கட்டிவிட்டார். இப்படி மேனேஜர் திடீரென்று போய்விட்ட இடங்களுக்கு ஆள் அனுப்புவதற்கென்றே சென்னையில் ஒரு கம்பெனி இருக்கிறதாம். அங்கிருந்து வந்தவள்தான் தேவயானி.

வந்தவளுக்கு நாற்பத்தாறு வயது, செல்லக்கிளியின் வயசுதான். பருத்திப் புடவை, ஆண்கள் போடுகிற மாதிரிக் கனமான ஷூ, கையில் நீல அட்டை போட்ட ஒரு நோட்டு. தொழிற்சாலை முழுக்கச் சுற்றிவிட்டு நேராகச் செல்லக்கிளியிடம் வந்து நின்றாள்.

"நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

செல்லக்கிளிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்தொன்பது வருஷத்தில் அவளிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

"பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரிங்க. விருத்தாசலம் காலேஜ்."

தேவயானி நோட்டில் எழுதிக்கொண்டாள். "சரி. ரெண்டாவது தொட்டில நுரை கூடுதலா இருக்கே. நீங்கன்னா என்ன செய்வீங்க?"

இதென்னடா வம்பு என்று நினைத்தாள் செல்லக்கிளி. மேனேஜர் என்று வந்துவிட்டு, நுரை வந்தால் என்ன செய்வது என்று நம்மைக் கேட்கிறதே!

"காரத்தக் கொஞ்சங் கொஞ்சமா வுடணுங்க. ஒரேயடியா ஊத்துனா பொங்கிக்கினு வந்துடும்."

"அப்படியே செய்யுங்க" என்று சொல்லிவிட்டு அதையும் எழுதிக்கொண்டாள்.

மத்தியானம் சாப்பாட்டு வேளையில் தேவயானியின் கதை வெளியே வந்தது. அவள் அப்பா கருப்பசாமி கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர், பர்மனன்ட். அவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில். இப்போது அவள் தம்பியும் அங்கே பர்மனன்ட். அவனுடைய குவார்ட்டர்ஸில்தான் ஒரு அறையில் தங்கியிருக்கிறாள். போன வருஷம் குஜராத்தில் ஐந்து மாசம், அதற்கு முன் ராணிப்பேட்டையில் எட்டு மாசம்.

"எங்கயுமே நிரந்தரமா இல்லையாங்க?" என்று கேட்டாள் செல்லக்கிளி.

"இல்ல. நம்ம வேலையே அப்படித்தான். வருவேன், முடிப்பேன், போயிருவேன்." சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுத் தயிர்சாதத்தைப் பிசைந்தாள்.

அந்தச் சிரிப்புதான் செல்லக்கிளியை என்னவோ செய்தது. நெடுமாறன்கூட இப்படித்தான் சிரிப்பான், கேட் பாஸ் புதுப்பிக்கவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிய நாளில். பாவம், அப்பன் பர்மனன்ட், தம்பி பர்மனன்ட், இந்தப் படிச்ச பொம்பளை மட்டும் ஊர் ஊராகக் கான்ட்ராக்ட்டில் அலைகிறது. அதுவும் இந்த வயசில்!

அன்று சாயங்காலமே பாவாடையையும் மூட்டை தைக்கிற பெண்களையும் கூப்பிட்டு வைத்து உத்தரவு போட்டாள். "இதப் பாருங்க. அதுவும் நம்மள மாதிரிதான். வேலை அவ்வளவாத் தெரியாது போல இருக்கு. ஓனருக்குத் தெரிஞ்சுது, சீட்டக் கிழிச்சிடுவாரு. நாமதான் பாத்துக்கணும். எதுன்னாலும் மொதல்ல என்னாண்ட கேளுங்க. நான் அதுகிட்ட பக்குவமா சொல்லிக்கிறேன். யாரு கேட்டாலும் மேடம்தான் சொன்னாங்கன்னு சொல்லணும், ஆமா."

எல்லாரும் தலையாட்டினார்கள். அந்த இடத்தில் இருந்த முப்பத்தெட்டு பேரும் கான்ட்ராக்ட். இந்த மாதிரி விஷயத்தில் அவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

அன்றிலிருந்து தேவயானிக்கு நடந்த உபசாரத்தைச் சொல்லி மாளாது. மேனேஜருக்கு என்று யாரும் செய்யவில்லை, தங்களில் ஒருத்திக்கு என்று செய்தார்கள். மூட்டை தைக்கிற அன்புக்கரசி தினம் ஒரு டப்பாவில் குழம்பு கொண்டுவந்தாள். பாவாடை தன் முப்பது வருஷ அனுபவத்தையெல்லாம் இலவசமாக வாரி வழங்கினார்.

"மேடம், ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. ஆறு மாசம் முடியறப்ப ஒரு நாளுகூட லீவு போட்டுடாதீங்க. பிரேக்கு காட்டி, சர்வீச மொதல்லேர்ந்து எண்ணுவானுங்க."

"அப்படியா?"

"ஆமாங்க. வேலை குடுத்த காயிதம் எல்லாத்தையும் ஜெராக்ஸ் எடுத்து வூட்ல வெச்சிக்கினு இருங்க. நாளைக்குக் கேசு கீசுன்னா ஒதவும்."

தேவயானி சிரிக்காமல் அதையும் நீல நோட்டில் குறித்துக்கொண்டாள். சும்மா சொல்லக்கூடாது, மரியாதை தெரிந்தவள்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. நிலக்கரி நனைந்து வந்தது. "தண்ணிய என்ன பண்ணலாம்?" என்று கேட்பாள் தேவயானி. "நீங்க நெனைக்கிறதுதாங்க மேடம், கம்மி பண்ணுங்க" என்பாள் செல்லக்கிளி, ஏதோ மேடமே கண்டுபிடித்த மாதிரி. கார்த்திகையில் ஒரு நாள் ஏற்றுமதிச் சரக்குக்கு லாரி வந்து நின்றுவிட்டது. வானம் கறுத்து, காற்றெல்லாம் ஈரம். அந்த ஈரத்தில் மூட்டை கட்டினால் சில்லெல்லாம் கட்டிதட்டிப் போய்விடும். தேவயானி செல்லக்கிளியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன செய்யலாம்?"

"இன்னிக்கி கட்ட வேணாங்க. லாரிய அனுப்பிடுங்க. ரெண்டு நாளு காஞ்சதும் கட்டலாம்."

"ஓனர் கத்துவாரே."

"கத்துவாரு. கட்டி கட்டியாப் போனா அதவிடக் கத்துவாரு."

லாரி காலியாகப் போனது. இளம்பரிதி போனில் கத்தினார். மூன்றாம் நாள் போன சரக்கில் ஒரு மூட்டைகூடத் திரும்பி வரவில்லை. அடுத்த ஆர்டர் இரண்டு மடங்காக வந்தது. செல்லக்கிளிக்குப் பெருமை தாங்கவில்லை. நம்ம மேடத்துக்கு நல்ல பேர் வந்துடுச்சு என்று ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் நடந்தாள்.

உண்மையைச் சொன்னால் அவளுக்கு அந்த ஐந்து மாசம் போல ஒரு காலம் வாழ்க்கையில் இருந்ததில்லை. அசோக்குமார் காலத்தில் ஏதாவது சொல்ல வாயெடுத்தால், "உன்னைக் கேட்டனா?" என்பார். இவள் ஒவ்வொன்றையும் கேட்கிறாள். வேலைக்குப் போக வேண்டுமே என்று எழுந்தவள், இப்போது அலாரம் அடிக்குமுன் எழுந்து குழம்பு வைத்துவிட்டு ஓடுகிறாள். தேவயானி மேல் அவளுக்கு அப்படி ஒரு பிரியம் விழுந்துவிட்டது. கூடப் பிறந்தவள் ஒருத்தி இருந்தால் இப்படித்தான் இருக்கும் என்று நெடுமாறனிடமே சொன்னாள்.

பொங்கல் போயிற்று. ஆறு மாசம் முடிய இருபது நாள்தான் பாக்கி. தேவயானி மேசையைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தாள். செல்லக்கிளி அதைப் பார்த்துவிட்டாள். இவள் போனால் இன்னொரு அசோக்குமார் வருவான். "உன்னைக் கேட்டனா?" மறுபடி வரும்.

விடக்கூடாது. மேடத்தை பர்மனன்ட் ஆக்கிவிட வேண்டும்.

பணி நிரந்தர மனு எழுதுவதில் அந்த வட்டாரத்தில் செல்லக்கிளிக்கு நிகர் கிடையாது. புருஷனுக்காக வருஷா வருஷம் எழுதுகிறாள். பாவாடைக்கு எழுதியிருக்கிறாள், தெருவில் பாதிப் பேருக்கு எழுதியிருக்கிறாள். 'மேற்படி' எங்கே போட வேண்டும், 'பணிந்து கேட்டுக்கொள்கிறோம்' எங்கே போட வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குக் கைப்பாடம். நெடுமாறனின் பழைய மனுவை எதிரில் வைத்துக்கொண்டு பார்த்து எழுதினாள். கைப்பழக்கத்தில் 'கடந்த இருபத்திரண்டு ஆண்டுகளாக' என்று எழுதிவிட்டு, அதை அடித்து 'கடந்த ஐந்து மாதங்களாக' என்று மாற்றினாள். கடைசியில் ஒரு வரியைத் தானாகச் சேர்த்தாள்: 'மேற்படி தேவயானி அவர்கள் ஒருவரே இத்தொழிற்சாலையின் அனைத்து முடிவுகளையும் எடுத்து வருகிறார்.'

பொய்தான். போகட்டும், நல்ல காரியத்துக்குத்தானே? முப்பத்தெட்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். பாவாடை இரண்டு இடத்தில் போடப் போனார், தடுத்துவிட்டாள்.

தேவயானிக்குத் தெரியாமல், பண்ருட்டிக்குப் போகிற வேனில் மனு முதலாளியிடம் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலை இளம்பரிதியே வந்து இறங்கினார். மேனேஜர் அறையில் தேவயானியையும் செல்லக்கிளியையும் நிற்க வைத்து, மேசையில் ஒரு பக்கம் மனுவையும் மறுபக்கம் தேவயானியிடம் கேட்டு வாங்கிய அந்த நீல நோட்டையும் போட்டார்.

"யாரோ ஒருத்தர் எங்கிட்ட பொய் சொல்றீங்க. யாருன்னு எனக்குத் தெரியணும்."

செல்லக்கிளிக்கு ஒன்றும் புரியவில்லை. முதலாளி நோட்டை விரித்துப் படித்தார்.

"ஆவணி அஞ்சு. நுரை. முடிவு எடுத்தவர், செல்லக்கிளி. ஐப்பசி ஏழு, ஈர நிலக்கரி. முடிவு எடுத்தவர், செல்லக்கிளி. கார்த்திகை பன்னண்டு, லாரியத் திருப்பி அனுப்பியது. முடிவு எடுத்தவர், செல்லக்கிளி. நூத்தி நாப்பது எடத்துல செல்லக்கிளி. உங்க பேரு எங்கம்மா?" என்று தேவயானியைப் பார்த்தார்.

"இல்ல சார். நான் எடுக்கல."

"இந்த மனுல எல்லா முடிவையும் நீங்கதான் எடுத்தீங்கன்னு முப்பத்தெட்டு கையெழுத்து இருக்கே!"

தேவயானி மனுவை எடுத்துப் படித்தாள். அடித்துத் திருத்திய இருபத்திரண்டு ஆண்டுகளில் அவள் கண் ஒரு நிமிஷம் நின்றது. பிறகு செல்லக்கிளியைப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இல்லை.

"செல்லக்கிளி, லாரிய அனுப்பச் சொன்னது யாரு? சொல்லுங்க."

இந்தப் பைத்தியம் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறதே என்று செல்லக்கிளிக்குப் பதறியது. "மேடம்தாங்க சொன்னாங்க. எல்லாம் மேடம்தான். எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

இளம்பரிதி கெட்டிக்காரர். முந்திரி வியாபாரத்தில் யார் சொல்வது நிஜம் என்று தெரியாமல் காலம் தள்ள முடியாது. கதவைத் திறந்து பாவாடையைக் கூப்பிட்டார்.

"பாவாடை, நீ யாரக் கேட்டு வேலை செய்யற?"

பாவாடை விறைப்பாக நின்றார். "தேவயானி மேடத்தக் கேட்டுதாங்க."

"ரெண்டாவது தொட்டில இன்னிக்கி எவ்வளவு காரம் வுடச் சொன்னாங்க மேடம்?"

பாவாடை முழித்தார். மேடத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். பிறகு, "செத்த இருங்க ஓனரே, செல்லக்கிளியக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்று அவள் பக்கம் திரும்பினார்.

தேவயானிதான் முதலில் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். செல்லக்கிளி அழுதுவிட்டாள்.

"அது பொழப்பக் கெடுத்துடாதீங்கய்யா. கத்துக்கிச்சி, இப்ப நல்லாவே கத்துக்கிச்சி. கான்ட்ராக்ட்டுல அலையிது, பாவங்க."

"செல்லக்கிளி, எனக்கு வேலை தெரியும்" என்றாள் தேவயானி மெதுவாக. "இருபத்தி மூணு வருஷமா இதான் செய்றேன். ஆள் இல்லாத இடத்துக்கு நான் போறதே, அங்க ஏற்கெனவே இருக்கிற ஆளைக் கண்டுபிடிக்கத்தான். இங்க அது மொத நாளே முடிஞ்சு போச்சு. மிச்ச நாளெல்லாம் சாருக்கு நிரூபிக்கத்தான். மூணு ரிப்போர்ட் அனுப்பிட்டேன், செல்லக்கிளியப் போடுங்கன்னு. ஒண்ணுக்கும் பதில் இல்ல."

செல்லக்கிளி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அழுகை போய் இப்போது கோபம் வந்தது. "அப்ப நான் உங்களக் காப்பாத்திக்கினு இருக்கேன்னு நெனச்சதெல்லாம்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லிட்டு, சார் முடியாதுன்னுட்டா? ஏற்கெனவே உங்க வீட்டுல ஒருத்தர் இருபத்திரண்டு வருஷமா காத்துக்கிட்டிருக்காரு. உங்களையும் காக்க வைக்க எனக்கு மனசு வரல."

செல்லக்கிளி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

இளம்பரிதி மோவாயைச் சொறிந்துகொண்டார். "நீ பி.எஸ்ஸி.யாம்மா?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"பத்தொம்பது வருஷமா எனக்குத் தெரியாதே." நிஜமாகவே வெட்கப்பட்டார் மனிதர். ஆனால் வியாபாரி வியாபாரிதான். "சரி. ஆறு மாசத்துக்கு இடைக்கால மேலாளரா இருந்து பாரு. அப்புறம் பாத்துக்கலாம்."

செல்லக்கிளி தலையாட்டத்தான் போனாள். கிடைத்ததைக் கையேந்தி வாங்கிப் பழகிய கழுத்து அது.

"இருங்க சார்" என்றாள் தேவயானி.

அவள் மனுவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பேனாவைத் திறந்து, 'தேவயானி' என்று இருந்த இடங்களையெல்லாம் அடித்து மேலே 'செல்லக்கிளி' என்று எழுதினாள். 'ஐந்து மாதங்களாக' என்பதை அடித்து, 'பத்தொன்பது ஆண்டுகளாக' என்று திருத்தினாள். கடைசி வரியில் பெயரைத் தவிர எதையும் மாற்றவில்லை. 'மேற்படி செல்லக்கிளி அவர்கள் ஒருவரே இத்தொழிற்சாலையின் அனைத்து முடிவுகளையும் எடுத்து வருகிறார்.' இப்போது அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. முப்பத்தெட்டாவது கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டாள்.

"ஆனா ஒண்ணு இடிக்குது" என்றாள். "இவங்க கையெழுத்தும் இதுல இருக்கு. தனக்குத்தானே மனு போட்டுக்கிட்ட மாதிரி."

"போட்டா இன்னாங்க?" என்றார் பாவாடை. "ஊருக்கெல்லாம் மனு எழுதுச்சு, தனக்குன்னு ஒண்ணு எழுதிக்கல."

செல்லக்கிளி திடுக்கிட்டு அவரைப் பார்த்தாள். நிஜம்தான். பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அது அவளுக்குத் தோன்றவே இல்லை.

இளம்பரிதி மனுவை முழுசாகப் படித்தார். மறுபடி படித்தார். ஓரத்தில் 'மேலாளராகப் பணி நிரந்தரம் செய்யப்படுகிறது' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டார். செல்லக்கிளி அதை வாங்கினாள். நிரந்தரம் என்ற வார்த்தையை அவள் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறாள். இன்னொருத்தர் கையால் எழுதிப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. எழுத்து கலங்கியது, கடைசியில் பாவாடையிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். அவர் எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று. யாரும் அவசரப்படவில்லை.

மாசி முதல் வாரம் தேவயானி கிளம்பினாள். முந்திரி பூத்து, சாலை முழுக்க அந்த வாசனை. அடுத்த இடம் மகாராஷ்டிராவில் ஒரு சாயத் தொழிற்சாலை, நாலு மாசம். நெய்வேலி பஸ் நிலையத்தில் சேலம் பஸ் நின்றது. அன்புக்கரசியின் குழம்பு ஒரு டப்பாவில், காடாம்புலியூர் முந்திரிப் பருப்பு ஒரு பையில். செல்லக்கிளி ஏறி, ஜன்னல் ஓரத்தில் இடம் பிடித்து, பையை மேலே வைத்துவிட்டு, இறங்காமல் நின்றாள்.

இந்த வேலையைத் தேவயானி தானாக விரும்பித்தான் செய்கிறாள் என்று இப்போது அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன? மனசு கேட்க வேண்டுமே.

"மேடம்" என்றாள். கண்டக்டர் விசில் அடித்தான். "எல்லாக் காயிதத்தையும் ஜெராக்ஸ் எடுத்து வெச்சிக்கோங்க. கடைசி மாசத்துல ஒரு நாளுகூட லீவு போடாதீங்க, பிரேக்கு காட்டிடுவாங்க. அப்பறம்..." மேலே வைத்த பையை ஒரு தடவை தள்ளி வைத்தாள். "அங்க உங்களுக்குன்னு மனு எழுத ஆள் இல்லன்னா போன் பண்ணுங்க. நான் எழுதி அனுப்பறேன்."

தேவயானி நீல நோட்டைத் திறந்து, சிரிக்காமல், அதையும் எழுதிக்கொண்டாள்.